மெய்நிகர் கணினி மட்டும்தான் வழியா?

லினக்ஸில் விண்டோஸ் கம்பைலரை (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) ஓட்ட மெய்நிகர் கணினியை (மென்பொருளால் கணினிக்குள் உருவாக்கும் இன்னொரு முழுக் கணினியை) தவிர வேறு வழியில்லை என்று ஒரு கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சாளரம் எதுவும் திறக்காத கட்டளைவரிக் கருவிகள் பலவற்றுக்கு, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் தாராளமாகப் போதும். 1993இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறதே தவிர, ஒரு முழுக் கணினியைப் பாவனை செய்வதில்லை. நினைவகமும் மிச்சம்.

உண்மையான தொல்லை கோப்புகளின் பாதைகளில்தான் இருக்கிறது. லினக்ஸின் மூல அடைவு வைனுக்குள் இசட் டிரைவாகத் தெரியும். எதை எப்படித் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைல், சாய்கோட்டில் (/) தொடங்கும் லினக்ஸ் பாதையை அப்படியே கொடுத்தால், மைக்ரோசாஃப்டின் சி கம்பைலர் அதைக் கோப்பு என்று கருதாது. தனக்கு இடப்பட்ட ஒரு கட்டளைத் தெரிவு என்றே எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வைனோடு வரும் வைன்பாத் கட்டளையால் பாதையை விண்டோஸ் வடிவுக்கு மாற்றி அனுப்பினால் தீர்ந்தது.

நிரல் முடியும்போது திருப்பித் தரும் வெளியேறும் எண்ணையும் கவனியுங்கள். விண்டோஸில் அது 32 பிட். லினக்ஸில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குக் கிடைப்பது 8 பிட்தான். 255க்கு மேற்பட்ட எண் அப்படியே வந்து சேராது. ஆகவே சுழியமா (வெற்றி) இல்லையா (பிழை) என்று மட்டும் சோதியுங்கள், குறிப்பிட்ட எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொகுப்பவர்கள், வைனுக்குப் பின்னணியில் ஓடும் வைன்சர்வரை முன்கூட்டியே தொடங்கி, நிலைத்து ஓடும்படி விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுந்திருக்கும் தாமதம் குறையும். திட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனி வைன் அடைவு (வைனின் அமைப்புகள் இருக்கும் இடம்) வைத்துக்கொள்வதும் நல்லது. ஒன்றின் அமைப்பு மற்றொன்றைக் கெடுக்காது.