பேத்தியை நடுவில் உட்கார வைக்காதீர்கள்

வீடியோ கன்சல்டேஷனில் மொழிபெயர்ப்பவர் வழியாக நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கதை. நீலகிரியில் பந்தலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிப் பாட்டி, பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் பேத்தி, திரையில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சியில் இருக்கும் மருத்துவ மாணவர். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு உண்டா என்று அந்தக் குழந்தை வழியாகக் கேட்கிறார். குழந்தை பாட்டியிடம் கேட்காமலே, தலையைக் குனிந்துகொண்டு "இல்லை" என்கிறது. அவரும் எழுதிக்கொள்கிறார்.

அந்த மாணவரைத் திட்டாதீர்கள். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊசி போடுவதைப் போல இதுவும் செய்து பழகினால்தான் கைக்கு வரும்.

அழைப்புக்கு முன் மொழிபெயர்ப்பவரோடு தனியாக 2 நிமிடம் பேச வேண்டும்: இன்று என்ன பிரச்சினை, எதையும் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம், கேட்டது வெளியே போகக் கூடாது. பிறகு அறையில் யார் யார் என்று கேளுங்கள். கேமராவுக்கு வெளியே மாமியார் நின்றால் மருமகள் வாய் திறக்க மாட்டாள். "அவங்களுக்கு எப்போ வலின்னு கேளுங்க" என்று சொல்லாமல், கேமராவைப் பார்த்து "உங்களுக்கு வலி எப்போ ஆரம்பிச்சது?" என்று நோயாளியிடமே கேளுங்கள். ஒரு மூச்சில் ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

அதிகம் கெடுவது இடைவெளியில்தான். இங்கே தேவாலா பக்கம் மழையில் சிக்னல் இழுக்கும். குரல் வந்து சேரத் தாமதமாகும். பதில் முடிந்துவிட்டது என்று நினைத்து மாணவர் அடுத்த கேள்விக்குத் தாவுவார். மூன்று குரலும் மோதும், நோயாளி சொன்னதில் பாதி தொலையும். மொழிபெயர்ப்பவர் "அவ்வளவுதான்" என்று சொல்லும்வரை காத்திருக்கப் பழக்குங்கள். படம் போனால் சாதாரண போனில் மூவரும் பேசலாம். 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல் ஆடியோவையும் ஏற்கிறது. கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "சரிங்க" என்றுதான் வரும். மாத்திரையை எப்படிப் போடுவீர்கள் என்று அவரையே சொல்ல வையுங்கள். யார் மொழிபெயர்த்தார் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

"எல்லோருக்கும்தான் தமிழ் தெரியுமே" என்பார்கள். கடையில் அரிசி வாங்கத் தெரியும். கர்ப்பப்பை பற்றிப் பேச அவரவர் மொழிதான் வேண்டும். மொழிபெயர்க்க ஆப் இருக்கிறதே என்பவர்கள், அதில் பணியர் மொழியைத் தேடிப் பாருங்கள்.

நேரம் இல்லை என்பதை மட்டும் மதிக்கிறேன். மொழிபெயர்ப்பவர் இருந்தால் நேரம் கூடத்தான் செய்யும், ஓ.பி. வரிசையும் நிற்கும். ஆனால் இந்தியாவில் சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம். அந்த நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. "உடனே, ராத்திரியானாலும் வாங்க" என்று நீங்கள் சொன்னது நடுவில் "காய்ச்சல்னா வாங்க" என்று சுருங்கினால், மிச்சம் பிடித்த அந்த 5 நிமிடத்தை எங்கே வைப்பது?

இன்னொன்று நெஞ்சை அறுக்கிறது. பாடிகள் எனப்படும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் சுகாதாரப் பணியாளர்கள்தான் இத்தனை நாளும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. திரைக்கு முன் ஒரு நாற்காலிகூடப் போடுவதில்லை, நின்றுகொண்டே மொழிபெயர்க்கிறார்கள். தவறு நடந்தால் மட்டும் பழி அவர்கள் தலையில்.

ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயாளியிடம் பேசும் முறையைக் கற்றுத்தர 2019 எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, உரையாடல்) வகுப்பு வைத்திருக்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் வாழும் மாவட்டம் இது. அந்தப் பணியாளர்களையே வகுப்புக்கு அழைத்து, மாணவர்களோடு திரை வழியே பேசிப் பழக வையுங்கள். வகுப்பு எடுத்ததற்கான சம்பளத்தையும் பஸ் காசையும் அன்றே கையில் கொடுங்கள்.