வாட் எண்ணை மட்டும் நம்பி மோட்டார் வாங்க வேண்டாம்

திரையில் ஓடும் வாகனத்துக்கேற்ப மோட்டாரால் அசையும் சிமுலேட்டர் இருக்கைக்கு "250 வாட் மோட்டார் எதுவானாலும் போதும், கியர்பெட்டி வீண் செலவு" என்று நண்பர் ஒருவர் கூறியிருப்பது, திருகோணமலையில் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடுவோரை இரட்டைச் செலவுக்குள் தள்ளிவிடும். வாட் என்பது முறுக்குவிசையும் (அச்சைத் திருப்பும் வலு) சுழல்வேகமும் சேர்ந்த பெருக்கம். ஆகவே நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் 250 வாட் மோட்டாரின் அச்சில் கிடைப்பது சுமார் 0.8 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் 5 சென்டிமீட்டர் நெம்புகரத்தின் முனையில் 40 கிலோ சுமையைத் தாங்கிப் பிடிக்கவே ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் வேண்டும். உராய்வு இழப்பை விட்டுவிட்டாலும் கியர்பெட்டியில் 25:1 வேகக் குறைப்பு (மோட்டார் 25 சுற்றுச் சுற்ற நெம்புகரம் ஒரு சுற்று) இருந்தால்தான் இரண்டும் சமமாகும்; இருக்கையை விரைவாக உலுக்குவதற்கு அதற்கும் மேல் தேவை.

வாகன வைப்பர் மோட்டார் மலிவானது, புழுக்கியர் (திருகு போன்ற அச்சு பல்சக்கரத்தைச் சுழற்றும் கியர்) உள்ளேயே இருப்பதால் மின்சாரம் நின்றாலும் இருக்கை பெரும்பாலும் சட்டென்று சரியாது; எனினும் வேகம் போதாததால், பெரியவர் அமரும் இருக்கைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் குறைவென்றால், முதலில் இருக்கை சாய்ந்தாடும் சுழல்மூட்டை அமர்பவரின் ஈர்ப்பு மையத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். மோட்டாரின் சுமை அங்கேயே கணிசமாகக் குறையும். நம் ஊர்க் கடற்காற்றில் கிடந்த மோட்டாராயின், மூடியைத் திறந்து துருவையும், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் காபன் பிரஷ்களையும், அச்சை அசைத்துக் கியரின் தளர்வையும் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.