தேயிலைத் தோட்டப் பங்குக்கு 1989 கணக்கு இப்போது செல்லாது

"1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகத் தோட்டத்தில் பங்கில்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த பழைய திருத்தம். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு, கல்யாணம் எந்த வருஷம் ஆகியிருந்தாலும் இந்து மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பத்திரப் பதிவாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினையையும், அதற்கு முன் நடந்த விற்பனை, உயில் போன்றவற்றையும் கிளற முடியாது. அப்புறம், தோடர், கோத்தர் போன்ற பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது.

கோத்தகிரியில் எங்கள் அத்தை இதே பேச்சை நம்பி, ஒன்றரை ஏக்கர் தேயிலைக்கு விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்கப் போனார். பேனா கையில் இருக்கும்போதுதான் தடுத்தோம்.