மூடிய பர்னிச்சர் தொழிற்சாலையில் உள்ளூர்க்காரருக்கு வேலை இல்லையா?

"சுங்கை காடுட்டில் பூட்டிக் கிடந்த பர்னிச்சர் தொழிற்சாலையைத் திறக்கிறார்கள். எல்லாம் வெளிநாட்டு ஆட்கள்தான், நம் பிள்ளைகள் மனு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்." இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் சிங்கப்பூரில் சுற்றுகிறது. இதை நம்பி யாரும் மனு போடாமல் இருந்துவிடக் கூடாது.

வெளிநாட்டு ஊழியர்களை மட்டும் வைத்து இங்கே தொழிற்சாலை நடத்தவே முடியாது. உற்பத்தித் துறையில் வேலை அனுமதிச் சீட்டும் எஸ் பாஸும் (நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி) வைத்திருப்பவர்கள் மொத்த ஊழியர்களில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பத்துப் பேர் வேலை செய்தால், நான்கு பேராவது சிங்கப்பூரர்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும்.

சரி, பேருக்கு நான்கு பேரைக் காட்டினால் போதுமா? போதாது. உள்ளூர் ஊழியருக்குக் கட்டும் மத்திய சேமநிதிச் (சிபிஎஃப்) சந்தா, அவருடைய சம்பளம் இரண்டையும் வைத்துத்தான் மனிதவள அமைச்சு கணக்குப் பார்க்கிறது. முழு ஆளாகக் கணக்கில் வரத் தேவையான மாதச் சம்பளம் 2024 ஜூலையில் 1,600 வெள்ளியாக உயர்ந்தது. அதற்குக் கீழே, பாதிக்குக் குறையாமல் வாங்குபவர் அரை ஆள்தான். வேலைக்கே வராத சொந்தக்காரர் பெயரில் சந்தா கட்டி, வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டுவது சட்டப்படி குற்றம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்கு பேரும் இழைப்பு மேசையில்தான் நிற்க வேண்டும் என்று விதி இல்லை. கிடங்கு, லாரி, கணக்கு என எதிலும் இருக்கலாம். அதனால் மனு போடும்போதே எந்த வேலை, என்ன சம்பளம் என்று கேட்டுவிடுங்கள்.