எரியாத எரிமலையும் ஒரு தட்டுவடை செட்டும்

(சேலம் அம்மாப்பேட்டை. சாயங்காலம், தள்ளுவண்டிக் கடை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஊர் சுற்றிவிட்டு வந்து நிற்கிறார்.)

கடைக்காரர்: வாங்க சார், ஒரு மாதமாக ஆளையே காணோம். எரிமலைத் தீவுக்குப் போயிருப்பதாக வீட்டில் அம்மா சொன்னார்களே, நிஜமா?

வாத்தியார்: நிஜம்தான்ப்பா. அங்கோலாவில் இருக்கிற மகன் கூட்டிப்போனான். சாவோ தோமே என்று பெயர், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது, பக்கத்துத் தீவு பிரின்சிபேயோடு சேர்த்து ஒரு தனி நாடு, 1975-ல்தான் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை வாங்கினார்கள். ஒரு செட் போடு, காரச் சட்னி தூக்கலாக.

கடைக்காரர்: எரிமலை எரிந்ததா?

வாத்தியார்: இல்லை.

கடைக்காரர்: புகையாவது?

வாத்தியார்: மேகம்தான். வெடித்ததெல்லாம் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தி. இப்போது ஒரே காடு, கோகோ, காபி.

கடைக்காரர்: காபிச் செடி பார்க்கவா பிளேன் ஏறினீர்கள்? 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காட்டிலேயே இருக்கிறதே!

வாத்தியார்: அட, சேர்வராயன் மலை எரிமலை கிடையாது. அது சார்னோகைட், பூமிக்கு அடியில் வெந்து இறுகின பாறை. அங்கே பார்த்தது வேறு. பிகோ காவோ கிராந்தே, அதாவது பெரிய நாய்ச் சிகரம். காட்டு நடுவில் உலக்கையை நட்டுவைத்த மாதிரி ஒற்றைக் கல், 300 மீட்டருக்கு மேல் நிற்கிறது. எரிமலையின் தொண்டையில் குழம்பு அடைத்து இறுகிவிட்டது, சுற்றியிருந்த மலை மழையில் கரைந்து போய்விட்டது, தொண்டையில் இருந்தது மட்டும் மிச்சம்.

கடைக்காரர்: அச்சைக் கழற்றின பிறகு குல்பி நிற்குமே, அப்படி.

வாத்தியார்: (சற்று யோசித்து) முப்பது வருடம் பாடம் நடத்தினேன், எனக்கு இது தோன்றவில்லை.

கடைக்காரர்: ஜனங்கள் எப்படி?

வாத்தியார்: தங்கம். எதைக் கேட்டாலும் 'லெவெ லெவெ' என்பார்கள். மெதுவாக, நிதானமாக என்று அர்த்தம். ஹோட்டலில் மீன் சொன்னேன், லெவெ லெவெ என்று சிரித்துவிட்டுப் போனான், ஒன்றரை மணி நேரம், கடலில் இறங்கிப் பிடித்து வந்தானோ என்னவோ.

கடைக்காரர்: அதை நான் இங்கே சொன்னால் வண்டியையே கவிழ்த்துவிடுவார்கள். அக்கா, உங்களுக்கு நொறுக்கல்தானே? இதோ!

வாத்தியார்: அப்புறம் தெற்கே ரோலஸ் என்று குட்டித்தீவு. பூமத்திய ரேகை அதன் மேலேதான் போகிறது, தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு காலை வடக்கிலும் ஒரு காலைத் தெற்கிலும் வைத்து நின்றேன்.

கடைக்காரர்: ஒன்றும் ஆகவில்லையே?

வாத்தியார்: இடுப்பு பிடித்துக்கொண்டது.

கடைக்காரர்: எந்தப் பக்கம்?

வாத்தியார்: தென் அரைக்கோளம்.

(கடைக்காரர் தட்டுவடையில் பச்சைச் சட்னி தடவி, துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் அள்ளி வைத்து, சிவப்புச் சட்னி தடவின இன்னொன்றால் மூடி நீட்டுகிறார். வாத்தியார் கண்ணை மூடிக் கடிக்கிறார். பீட்ரூட் சட்டையில் விழுகிறது.)

கடைக்காரர்: அந்த நாய் மலையின் போட்டோ இருக்கிறதா சார்?

வாத்தியார்: இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மூட்டம். அந்தப் பக்கம் அப்படித்தான். 1919-ல் பிரின்சிபேயில் இங்கிலாந்து விஞ்ஞானி எடிங்டன் சூரிய கிரகணத்தைப் படம் எடுத்தாரே, ஐன்ஸ்டைன் சொன்னது சரிதானா என்று பார்க்க, அவருக்கே மேகம் மறைத்துவிட்டது. ஏதோ ஒன்றிரண்டு படம் தேறியது. எனக்கு 64 எடுத்ததில்... இந்தா.

கடைக்காரர்: வெறும் வெள்ளையாக இருக்கிறதே! என்னிடமும் ஒன்று இருக்கிறது சார், போன மார்கழியில் ஏற்காடு பகோடா பாயிண்டில் எடுத்தது. இப்படி வையுங்கள்.

(இரண்டு போன்களும் சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். இரண்டும் வெள்ளை. வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார்.)

வாத்தியார்: நன்றாகப் பாருப்பா. மங்கலாக, ஓரமாக, செங்குத்தாக ஒன்று தெரிகிறதே, அதுதான் பெரிய நாய்.

கடைக்காரர்: சார், அது என் போன். அது என் மச்சான்.