மார்க்கைக் கேட்காதீர்கள் சார், பெயரைக் கேளுங்கள்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ப்ளஸ் ஒன் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து பத்தாம் வகுப்பு மார்க்கைச் சொல்ல வேண்டும். 450-க்கு மேல் என்றால் முன் பெஞ்சு, 300-க்குக் கீழே என்றால் சுவரோரம். கடைசிப் பையன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லு" என்கிறார் சார். வகுப்பே சிரிக்கிறது. கீழே கமென்ட்டில் பாராட்டு மழை, "இப்படி ஒரு வாத்தியார் எங்களுக்குக் கிடைக்கலையே" என்று.

கிடைக்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நானும் ப்ளஸ் ஒன்னுக்குக் கணக்கு எடுக்கிறவன்தான். பத்து வரைக்கும் மட்டுமே உள்ள சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாரென்றே தெரியாது. அந்த நேரத்தில் அவனைப் பற்றி வகுப்புக்குத் தெரிய வேண்டிய முதல் சங்கதி அவன் மார்க்கா? பெயரைக் கேளுங்கள் சார். அந்த வீடியோ முழுக்கப் பார்த்தேன், ஒரு பிள்ளையின் பெயர்கூட வரவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் பத்தாம் வகுப்பில் எடுத்தது 500-க்கு 312. ப்ளஸ் ஒன்னில் முதல் நாளே எழுப்பிக் கேட்டார்கள். சொன்னேன். "இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப் கேக்குதா?" என்றார் அந்த சார். அன்றிலிருந்து என் பெயர் 'முந்நூத்திப் பன்னெண்டு'. ஹாஸ்டலில் சாப்பாட்டு வரிசையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ப்ளஸ் டூ முடித்து டிசி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அந்தப் பெயர் போனது. அந்த சார் நல்லா பாடம் நடத்துவார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரிடம் போய் ஒரு சந்தேகம் கேட்க எனக்கு வாய் வந்ததே இல்லை.

"முதல் நாளே கண்டிப்பு காட்டலைன்னா தலைக்கு மேல ஏறிடுவாங்க" என்பார்கள். சரி, காட்டுங்கள். லேட்டாக வந்தால் என்ன, டெஸ்ட் எப்போது, நோட்டு எப்படி இருக்க வேண்டும், எல்லாவற்றையும் அன்றே கறாராகச் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன். அதற்கு ஒரு பையனை நிற்கவைத்துச் சிரிக்க வேண்டிய அவசியம் என்ன?

"யார் வீக்குன்னு தெரிய வேணாமா?" தெரிய வேண்டும். மார்க் பட்டியல் ஆபீஸில்தான் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள், மனசுக்குள்.

2017-லேயே பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடுவதை அரசு நிறுத்திவிட்டது. மாநிலமே விட்டுவிட்டதை நாம் நாலு சுவருக்குள் வைத்து நடத்துகிறோம், வீடியோவும் எடுத்துப் போடுகிறோம்.

முதல் நாளில் நான் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயரை வாசிக்க மாட்டேன். அவர்களையே சொல்லச் சொல்லி, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். மறந்தால் அதைப் பார்த்துக் கூப்பிடுவேன். அப்புறம் ஒரு கணக்கு. இந்த அறையில் எல்லோரும் எல்லோருக்கும் ஒருமுறை கை கொடுத்தால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? மூன்று பேர் என்றால் மூன்று, நான்கு பேருக்கு ஆறு, ஐந்து பேருக்குப் பத்து. கை கொடுக்கும்போது பெயரைச் சொல்ல வேண்டும், அது மட்டும் விதி. (பையன்கள் பையன்களோடும் பெண்கள் பெண்களோடும்தான் கொடுப்பார்கள். மீதியைக் கரும்பலகையில் போட்டுக்கொள்வோம்.) 42 பேருக்கு 861 என்று வருவதற்குள் பெல் அடித்துவிடும். பத்தாம் வகுப்பில் 480 எடுத்தவளும் முந்நூறு தாண்டாதவனும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள், 42-ஐ 41-ஆல் பெருக்கிவிட்டு. யாரோ ஒருவர், பெரும்பாலும் எதிர்பாராத ஆள், "சார், ஒவ்வொரு கைகுலுக்கலையும் ரெண்டு தடவ எண்ணுறோம், பாதியாக்கணும்" என்பார். எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணும் சேர்ப்பியல் பாடத்துக்கு அதுதான் வாசல்.

கடைசியில், கணக்கில் எதைக் கண்டால் பயம் என்று பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்வேன். 'பின்னம்' என்று வரும். ப்ளஸ் ஒன் பிள்ளைக்கு! எந்த மார்க்‌ஷீட் இதைச் சொல்லும்?

"போர்ஷன் யார் முடிப்பது?" என்பவர்களுக்கு: ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வையே 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு பீரியட் போனால் குடி முழுகாது. அதுவும் முதல் வாரத்தில் அட்மிஷன் முடிந்திருக்காது, புத்தகம் கொடுக்க வேண்டும், பிள்ளைகளின் விவரத்தை எமிஸில் (கல்வித்துறையின் இணையதளத்தில்) ஏற்ற வேண்டும், குரூப் மாற்றிக் கேட்டு அப்பாக்கள் வாசலில் நிற்பார்கள். அப்போதெல்லாம் போகாத போர்ஷனா?

எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே ஒருவர் சொன்னார், "உங்களுக்குப் பேர் வாங்கணும், அதான் இந்த ஃபேஸ்புக் எல்லாம்." இருக்கட்டும். ஆனால் அவருக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். போன வருஷம் ரிவ்யூ மீட்டிங்கில் தேர்ச்சி சதவீதம் குறைந்த பாட ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவரும் நின்றார், நானும் நின்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அதே புலம்பல். "நம்மள மனுஷனாவே மதிக்கலையே, அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சு நம்பரை வாசிக்கிறாங்களே" என்றார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், கண் கலங்கியிருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

அந்த வீடியோவுக்கு அவர் போட்ட கமென்ட்: "சூப்பர் சார்."