ரோட்டுக்கு நாங்கள் கட்டியாகிவிட்டது

வார்டு மக்கள் அதிகாரிகளிடம் குறை சொல்லும் பகுதி சபையின் நேற்றைய கூட்ட வீடியோவை இதற்குள் பார்த்திருப்பீர்கள். நம் ஆட்களே எல்லாக் குழுவிலும் போட்டுவிட்டார்கள். அதனால் எந்த அதிகாரி, நான் ஏன் எழுந்து நின்றேன் என்றெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. எங்கள் தெரு ரோட்டைச் சரிசெய்யக் கேட்டு மனுவோடு நின்ற என்னிடம் அவர் மேடையிலிருந்து சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "ரோடு ரோடுன்னு கேக்குறீங்களே, ரோட்டுக்குன்னு தனியா என்ன கட்டுறீங்க? வண்டி வாங்கும்போது ஒரு தடவை கட்டுறதோட சரி."

அதைக் கேட்டு முன்வரிசையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ராத்திரி தூங்கவிடவில்லை. சிரித்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. தினமும் அதே பள்ளத்தில் இறங்கி ஏறிப் போகிறவர்கள்.

சரி, அந்த "ஒரு தடவை" எவ்வளவு என்று பார்ப்போம். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியை உயர்த்தினார்கள். அதற்கு முன் டூவீலருக்கு 8 சதவீதம். இப்போது ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10, அதைத் தாண்டினால் 12. கார் என்றால் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு வண்டி எடுக்கிற பையன் 9,000 ரூபாயை முதல் நாளே கொடுத்துவிடுகிறான். வண்டி இன்னும் ஷோரூம் வாசலைத் தாண்டவில்லை. பலருக்கு அந்தப் பணமும் சேர்ந்துதான் கடனாகிறது, அதற்கும் வட்டி கட்டுகிறார்கள். இனி ஓட்டப்போகிற காலம் முழுவதற்குமான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, "ஒரு தடவைதானே கட்டினீர்கள்" என்று நம்மிடமே கேட்டால் எப்படி? மொத்தமாகக் கேட்டது யார்? மாதாமாதம் கட்ட மாட்டோம் என்று நாங்களா சொன்னோம்?

அதோடு முடிந்ததா? பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு முறையும் கட்டுகிறோம். மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. மத்திய அரசு தன் பங்குக்கு வாங்குவதில் ஒரு பகுதிக்குப் பெயரே சாலை, உள்கட்டமைப்புக்கான செஸ், அதாவது கூடுதல் வரி. நெடுஞ்சாலையில் ஏறினால் ஃபாஸ்டாகில் கழிகிறது. வீட்டுக்கு சொத்து வரி, அதையும் 2022-ல் ஏற்றினார்கள். 600 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் ஒரே அடியாக 50 சதவீதம். நாங்கள் கட்டியாகிவிட்டது, சார். வண்டிக்கும் கட்டினோம், எண்ணெய்க்கும் கட்டினோம், வாசலுக்கும் கட்டினோம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை அவர் மேடையில் சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். வண்டி வரி மாநில அரசின் கணக்குக்குப் போகிறது. பெட்ரோல் செஸ் டெல்லிக்குப் போகிறது, அதில் மாநிலத்துக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. சுங்கக் கட்டணம் நெடுஞ்சாலைக்கு. என் வீட்டு முன்னால் இருக்கிற தெருவோ உள்ளாட்சியுடையது. வண்டி புறப்படுவதும் திரும்பி வந்து நிற்பதும் இந்தத் தெருவில்தான். ஆனால் வண்டியை வைத்து வாங்குகிற பணத்தில் பெரும்பகுதி இந்தத் தெருவைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகிறது. "எங்கள் கைக்கு வருவதில்லை" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்கிறோம். "நீங்கள் கட்டுவதில்லை" என்று சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

என் அக்கா விழுந்தது பலருக்குத் தெரியும், ஆனால் எப்படி விழுந்தாள் என்று எழுதியதில்லை. பாதாள சாக்கடைக்குத் தெரு நடுவில் நீளமாக வெட்டினார்கள். குழாயைப் பதித்துவிட்டு, தோண்டிய மண்ணையே அள்ளிக் கொட்டி, பொக்லைன் வாளியால் மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கவில்லை, ரோலர் போடவில்லை. முதல் மழைக்கு அந்தக் கோடு முழுக்க உள்வாங்கியது. மேலே தண்ணீர் நின்றதால் பார்ப்பதற்குத் தெரு சமமாகத்தான் இருந்தது. அக்கா டியூஷன் முடித்து வருகிறாள், முன்சக்கரம் அப்படியே இறங்கிவிட்டது. மெதுவாகத்தான் வந்தாள், ஹெல்மெட்டும் போட்டிருந்தாள். எழுந்தவள் முதலில் புடவையைத்தான் சரிசெய்தாள், அப்புறம்தான் வலது மணிக்கட்டு வீங்குவதைப் பார்த்தாள். மாவுக்கட்டு. போர்டில் எழுத முடியாமல், இவள் சொல்லச் சொல்ல பிள்ளைகள் எழுதினார்கள். அந்தக் காலத்தில் சிலர் டியூஷனை விட்டே நின்றுவிட்டார்கள். அந்த வருமானத்தை யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் யாரோ புண்ணியவான் அந்தப் பள்ளத்தில் உடைந்த செங்கல்லும் டைல்ஸ் துண்டும் கொண்டுவந்து போட்டிருந்தார். அடுத்த மழைக்கு அதுவும் தெரு முழுக்கச் சிதறியது. எங்கள் தெருவில் அன்றைக்கு நடந்த சாலைப் பராமரிப்பு அவ்வளவுதான்.

ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். வாங்கட்டும், நியாயம்தான். அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையைச் சரியாகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ உடல் ஊனமானாலோ பொறுப்பான அதிகாரிக்கோ காண்ட்ராக்டருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட்டுக்குத் தெருமுனையில் நிறுத்திப் பிடிக்கிறார்கள். இந்தப் பிரிவில் பிடிபட்டவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா?

இப்போது வருவார்கள். "வரி என்பது பொதுப்பணம், ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் போகிறது, உன் ரோட்டுக்கு மட்டுமா?" ஒத்துக்கொள்கிறேன். அரசுப் பள்ளியில் படித்தவன் நான், அந்தப் பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வே, சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி என்று பழைய தீர்ப்புகள் வளர்த்த கருத்தைக் கைவிட்டுவிட்டது. சட்டம் அப்படியே இருக்கட்டும். பொதுப்பணம் என்றால் எங்கள் தெருவும் பொதுத் தெருதானே? நான் என்ன என் வீட்டு வராந்தாவுக்கா தார் கேட்டேன்?

"ஜனங்களே வீட்டுக் குழாய்க்கு ரோட்டை வெட்டுகிறார்கள்." சிலர் வெட்டுகிறார்கள். அதற்கும் உள்ளாட்சி ரசீது போட்டுப் பணம் வாங்குகிறது. அவ்வளவுதான் இதற்குப் பதில்.

"வண்டி பெருகிவிட்டது, ரோடு தாங்கவில்லை." இதைப் படித்தவர்களே சொல்லும்போதுதான் எரிச்சல் அதிகமாகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை விடாமல் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்: ஒரு அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. நம் நாட்டில் 2018-ல் லாரியின் பின் அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக ஏற்றினார்கள். அந்தக் கணக்குப்படி சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல். எங்கள் தெருவில் தண்ணீர் லாரியும் எம்சாண்ட் டிப்பரும் போகின்றன. அந்த டிரைவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தண்ணீர் வந்தாக வேண்டும், வீடு கட்டியாக வேண்டும். ஆனால் என் அக்காவின் ஸ்கூட்டர் ரோட்டைத் தேய்த்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். தார் ரோட்டைக் கெடுப்பது தேங்குகிற தண்ணீரும் பெரிய பாரமும்தான். வடிகால் அடைத்துக் கிடந்தால் எத்தனை முறை தார் போட்டாலும் ஜல்லி பெயரத்தான் செய்யும்.

போடுகிற அழகும் தெரியும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். எங்கள் பக்கம் அதற்குப் பிறகும் மேலே மேலேதான் போட்டார்கள். கீழ்வீட்டுப் பாட்டி வாசல்படி ஏறி வீட்டுக்குள் போன காலம் போய், இப்போது தெருவிலிருந்து இறங்கி உள்ளே போகிறார். மழை வந்தால் தெருத்தண்ணீர் அவர் சமையலறையில். அவரும் சொத்து வரி கட்டுகிறவர்தான்.

பணம் வாங்கினால் ரோடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது என்னுடைய பேராசை இல்லை. 2020 டிசம்பரில் மதுரவாயல்–வாலாஜாபேட்டை சாலை மோசமாகக் கிடந்தபோது, சரிசெய்யும்வரை பாதிச் சுங்கக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் திருச்சூர் பக்கம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கேரள உயர் நீதிமன்றம் வசூலையே நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நெடுஞ்சாலைக்காரனுக்கு இந்த நியாயம் கிடைக்கிறது. தெருக்காரன் கேட்டால் மேடையிலிருந்து கேள்வி வருகிறது, முன்வரிசை சிரிக்கிறது.

பணத்தைவிட அதுதான் வலிக்கிறது. கையில் மனுவோடு நின்றவனை ஓசிக்கு அலைகிறவன் மாதிரி பார்த்தார்கள். என் அப்பா வரி ரசீதுகளை ஒன்றுவிடாமல் ஃபைல் போட்டு வைத்திருந்த மனிதர். கடைசித் தேதிக்கு ஒருநாள் தாமதமாகக் கட்டினால்கூட முகம் வாடிவிடுவார். அந்த வீட்டிலிருந்து வந்தவனிடம் கேட்ட கேள்வி அது.

நாளைக் காலை தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறேன். ரோட்டை வெட்டிய துறை சீரமைப்புக்கு என்று கட்டிய தொகை எவ்வளவு, அதை எதற்குச் செலவழித்தார்கள், காண்ட்ராக்டரின் பராமரிப்புப் பொறுப்பு எந்தத் தேதி வரை, எங்கள் தெருவில் நடந்த வேலையை அளந்து எழுதிய எம்புக் (அளவுப் புத்தகம்) நகல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் போதும், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். தங்கள் தெருவுக்கும் போட நினைப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், மனு மாதிரியை அனுப்புகிறேன். முன்வரிசையில் சிரித்தவர்களுக்கும் அனுப்புவேன்.